நம் ஊர் வெப்பத்தில் பீரை ஆண்டுக்கணக்கில் வைக்க முடியுமா?

குளச்சலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். விடுப்பில் வரும்போது வெளிநாட்டு பீர் பாட்டில்கள் சிலவற்றைக் கொண்டுவருவது வழக்கம். சில பீர்களை ஒயினைப் போல வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறார். இன்னும் ஐந்தாறு வருடத்தில் கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடப் போகும் தம்பியோடு அவற்றைத் திறக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. இப்போது கையில் இருப்பவை பெல்ஜியத்தின் ரோஷ்ஃபோர் 10, கூஸ் என்ற புளிப்பு பீர் ஒன்று, இலங்கையின் லயன் ஸ்டவுட் என்ற கறுத்த பீர், ஒரு ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்), டாஸ்மாக் கடையில் வாங்கிய ஒரு ஸ்ட்ராங் பீர். இவற்றில் எதை வைக்கலாம், இனி எதை வாங்கிவரச் சொல்லலாம், பத்தாயம் இருந்த பழைய இருட்டறையில் குழி எடுத்து வைத்தால் போதுமா என்பவை அவர் கேட்பவை. பார்ப்பதற்கு இது பீரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி போலத் தோன்றினாலும், உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, எந்த பீருக்கு முதுமையைத் தாங்கும் உடம்பு இருக்கிறது என்பது. மற்றொன்று, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வீடு அந்த பீருக்குத் தேவையான குளிர்ச்சியைத் தர முடியுமா என்பது. இரண்டாவதற்கு விடை கிடைக்காவிட்டால் முதலாவதற்கான விடையால் பயனில்லை.

நுண்ணுயிரியல் படித்துவிட்டு வெளிமாநிலத்தில் ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: உலகில் தயாராகும் பீரில் மிகப் பெரும்பகுதி புதிதாகக் குடிப்பதற்கென்றே தயாராவது. ஆலையை விட்டுக் கிளம்பும் நாளில்தான் அது தன் உச்சத்தில் இருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் இறக்கம்தான். பழைய அரிசிக்கு நம் வீடுகளில் மதிப்பு உண்டு என்பதற்காகப் பழைய கீரைக்கும் மதிப்பு இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை; பீரிலும் அரிசி எது, கீரை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதைப் பிரிப்பதற்கு, மூடிய பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் சிறிதளவு ஆக்சிஜன் பாட்டிலுக்குள் தங்கிவிடும். தகர மூடியின் உள்ளே இருக்கும் மெல்லிய அடைப்பின் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். முதலில் அடிபடுவது ஹாப்ஸ், அதாவது பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தரும் பூ. அதன் மணம் சில மாதங்களில் மங்கிவிடும், கசப்பு மெல்லக் குறையும். அடுத்து மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, வந்த சில பொருள்கள் மாறி, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையைத் தரும். டிரான்ஸ்-2-நோனெனல் என்ற சேர்மம் இந்த வாடைக்கு முக்கியக் காரணம். மிகமிகச் சிறிய அளவில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். வெளிர்நிற லேகர் பீரில் இதை மறைக்க வேறு எதுவும் இருக்காது. ஆனால் ஆல்கஹாலும் மால்ட்டும் மிகுந்த கறுத்த பீரில் இதே ஆக்சிஜனேற்றம் வேறு திசையிலும் போகிறது. பேரீச்சை, உலர்திராட்சை, தேன், ஷெர்ரி ஒயின் போன்ற மணங்கள் எழுகின்றன. தொண்டையைச் சுடும் ஆல்கஹாலின் கூர்மை அடங்குகிறது. பழையதாக்குவது என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அளவோடும் மெதுவாகவும் நடக்கிற கெடுதல்தான். அந்த மெதுவுக்குத்தான் நாம் இவ்வளவு பாடுபடுகிறோம்.

ஆகவே தேர்ந்தெடுக்கும்போது நான் லேபிளில் முதலில் பார்ப்பது ஆல்கஹால் அளவு. 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மேற்கொண்டு பார்ப்பேன்; 10, 11 என்றால் இன்னும் நல்லது. அடுத்து, பாட்டிலுக்குள் உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறதா என்பது. பாட்டிலிலேயே இரண்டாம் முறை நொதிக்கவிடப்பட்ட பீரில், அந்த ஈஸ்ட் உள்ளே தங்கிய ஆக்சிஜனின் பெரும்பகுதியைத் தானே தின்றுவிடும். வெளிச்சத்தில் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் மெல்லிய மண்டி தெரியும், அதுதான் அடையாளம். மூன்றாவது, அந்த பீரின் சுவை எதை நம்பி நிற்கிறது என்பது. ஹாப்ஸின் மணத்தை நம்பி நின்றால் வைக்கக் கூடாது. மால்ட்டை நம்பி நின்றால் வைக்கலாம். புளிப்பை நம்பி நின்றாலும் வைக்கலாம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இந்த மூன்றும் சேர்ந்து அமைந்தவற்றில் நம்மவர்களுக்கு ஐரோப்பியத் துறைமுகங்களில் எளிதில் கிடைப்பவை பெல்ஜியத்தின் கறுத்த, கனமான மடாலய பீர்கள். ரோஷ்ஃபோர் 10 என்பது 11.3 சதவீதம், ஷிமே நீல லேபிள் 9 சதவீதம், செயின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 என்பது 10 சதவீதம். மூன்றும் பாட்டிலில் நொதிப்பவை. ஷிமே நீல லேபிளில் தயாரித்த ஆண்டை அச்சிடும் வழக்கம் உண்டு, பழையதாக்க நினைப்பவருக்கு அது பெரிய உதவி. இங்கிலாந்தில் பார்லி ஒயின், ஓல்ட் ஏல் என்று அழைக்கப்படும் வகைகள் இதற்கென்றே பிறந்தவை. லண்டனின் ஃபுல்லர்ஸ் ஆலை 1997 முதல் ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட்டுவரும் விண்டேஜ் ஏல் 8.5 சதவீதம், மான்செஸ்டர் பக்கத்து ஜே.டபிள்யூ. லீஸ் ஆலையின் ஹார்வெஸ்ட் ஏல் 11.5 சதவீதம். 1968-இல் டார்செஸ்டரில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட தாமஸ் ஹார்டிஸ் ஏல் 25 ஆண்டுகள் தாங்கும் என்று லேபிளிலேயே சொல்லி விற்கப்பட்டது. பர்ட்டன் நகரத்தின் பாஸ் ஆலையில் 1869-இல் காய்ச்சிய ராட்க்ளிஃப் ஏல் பாட்டில்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலவறையில் கிடந்து, பிறகு திறந்தபோதும் சில குடிக்கத்தக்கவையாக இருந்தன. இவை எல்லாம் இங்கிலாந்தின் குளிர்ந்த நிலவறைகளில் நடந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பெயரை மட்டும் நம்பிக் குளச்சலில் அலமாரிக்குள் வைத்துவிட்டால் அதே பலன் கிடைக்காது.

நன்றாக முதிர்ந்த பெல்ஜியக் கறுத்த பீர் ஒன்றைத் திறக்கும்போது என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டால், மூடியைத் தூக்கும்போது வரும் சீறல் புதிய பாட்டிலைவிடச் சற்று மெதுவாக இருக்கும். நுரை தாழ்ந்து எழுந்து விரைவில் வடிந்துவிடும், ஏனெனில் ஈஸ்ட் செல்கள் சிதையும்போது வெளிவரும் ஒரு நொதி, நுரையைத் தாங்கும் புரதத்தை வெட்டிவிடுகிறது. நிறத்தில் கறுப்பைவிடச் செம்பழுப்பு தூக்கலாகத் தெரியலாம். மூக்கில் முதலில் அத்திப்பழமும் உலர்திராட்சையும், பிறகு பனங்கருப்பட்டிப் பாகின் வாசனை. வாயில் இனிப்பு முன்பைவிடக் குறைந்தும், ஆனால் பீர் மெலியாமலும் இருந்தால் அது சரியான பருவம். சோயா சாஸின் உப்புச்சுவை முன்னுக்கு வந்தால் ஈஸ்ட் அளவுக்கு மீறிச் சிதைந்துவிட்டது என்று பொருள். வெப்பத்தில் வைத்த பாட்டில்களில் இது சீக்கிரமே வந்துவிடும்.

புளிப்பு பீர்களில் கூஸ் தனி இனம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தைச் சுற்றியுள்ள பகுதியில், காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் இயற்கையான நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கும் லாம்பிக் என்ற பீரை, ஒரு வருடத்தது, இரண்டு வருடத்தது, மூன்று வருடத்தது என்று கலந்து பாட்டிலில் அடைப்பதுதான் கூஸ். ஆல்கஹால் 6, 7 சதவீதம்தான். ஆனாலும் அதிலுள்ள லாக்டிக் அமிலமும், எஞ்சிய ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டும் அதைக் காப்பாற்றுகின்றன. மணமிழந்த பழைய ஹாப்ஸையே இதில் சேர்ப்பதால், ஹாப்ஸ் மணம் போய்விடுமே என்ற கவலையும் இல்லை. பூன் ஆலையின் கூஸ் பாட்டில்களில் 20 ஆண்டுக்கால வரம்பு அச்சிடுகிறார்கள். ‘ஊட்’ (Oude) என்ற சொல் லேபிளில் இருந்தால் அது பழைய முறைப்படி செய்தது. வாங்கும்போது அதைத் தேடச் சொல்லுங்கள். செர்ரி, ராஸ்ப்பெரி சேர்த்தவற்றில் பழத்தின் மணம் ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும் என்பதால் அவற்றை நீண்ட காலத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இதே ஈஸ்ட்டைக் கொண்ட ஆர்வால் என்ற பீர் 6.2 சதவீதமே ஆனாலும் சில ஆண்டுகள் சுவையாக மாறிக்கொண்டே போகும். 8 சதவீதம் என்று நான் சொன்ன கணக்குக்கு இவை விதிவிலக்குகள்.

வைக்கக் கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோதுமை பீரின் வாழைப்பழ மணம் நிலைக்காது. காபி சேர்த்த ஸ்டவுட்டில் நாளாக ஆக ஒரு குடைமிளகாய் வாடை தலைகாட்டும். பச்சைக் கண்ணாடி, வெள்ளைக் கண்ணாடி பாட்டில்கள் வெளிச்சத்தைத் தடுக்காது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டுச் சிதைந்து நாற்றமடிக்கும். டாஸ்மாக்கில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை போவதைப் பார்த்து, அது தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்ட் இல்லாமல் அடைக்கப்படும் லேகர். அதன் வலிமையில் ஒரு பங்கு சர்க்கரையிலிருந்தும் மற்றத் துணைப்பொருள்களிலிருந்தும் வருகிறது. ஆல்கஹால் இருக்கிறது, அதோடு முதிர வேண்டிய மால்ட் அங்கே இல்லை. ஐ.பி.ஏ. பற்றி மட்டும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கடல் வழியாகச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்த பீரின் பெயரைத் தாங்கியது அது என்பதால், நாள்படத் தாங்கும் என்கிறார்கள். அன்றைய பீர் பயணத்துக்கு முன்பே பீப்பாயில் முதிர்ந்தது, பயணத்திலும் முதிர்ந்தது. இன்றைய ஐ.பி.ஏ.வோ ஹாப்ஸின் மணத்துக்காகவே செய்யப்படுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு.

இனி வெப்பம். ஆலையின் ஆய்வகத்தில் ஒரு பீர் கடையில் எவ்வளவு நாள் தாங்கும் என்று விரைவாக அறிய வேண்டுமானால், பாட்டில்களை 37 முதல் 40 டிகிரி வரை வெப்பமுள்ள பெட்டிக்குள் சில நாள்கள் வைத்துவிட்டுச் சுவைப்போம். மாதக்கணக்கில் வர வேண்டிய முதுமை அந்தச் சில நாள்களில் வந்துவிடும். பங்குனி, சித்திரை மாதங்களில் கான்கிரீட் மாடிக்குக் கீழே, மேற்குச் சுவரை ஒட்டி நிற்கும் ஓர் அலமாரி பிற்பகலில் அந்தப் பெட்டியை நெருங்கிவிடுகிறது. பீர்த் தொழிலில் ஒரு கைக்கணக்கு சொல்வார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீருக்கு ஒரே அளவு சேதம் செய்யும். இது இலேசான பீர்களை மனத்தில் வைத்துச் சொல்லும் உத்தேசக் கணக்கு. கனமான பீருக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் திசை சரி. பொதுவாக வேதிவினைகள் 10 டிகிரி கூடினால் இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாகும் என்று எடுத்துக்கொண்டால், 12 டிகிரியில் கிடக்க வேண்டிய பீர் 30 டிகிரியில் மூன்றரை முதல் ஏழு மடங்கு வேகத்தில் முதிரும். அப்படியானால் ஐந்து வருட முதிர்ச்சியை ஒரே வருடத்தில் அடைந்துவிடலாமே என்று கேட்கக் கூடாது. எல்லா வினைகளும் ஒரே மடங்கில் வேகமாவதில்லை. வேண்டாத வாடைகள் முந்திக்கொள்ளும், வேண்டிய மணங்கள் பின்தங்கும்.

பத்தாயம் இருந்த அறையில் குழி எடுக்கும் யோசனை சிந்தித்துச் சொன்ன யோசனைதான், ஆனால் நம் மண்ணில் அது பலிக்காது. நிலத்துக்கு அடியில் சில மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் இருக்கும் வெப்பம், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். பிரஸ்ஸல்ஸில் அந்தச் சராசரி ஏறத்தாழ 10, 11 டிகிரி. அதனால் அங்கே வெறும் நிலவறையே போதும். நமக்கோ அது 27, 28 டிகிரி. நம் கிணற்றுத் தண்ணீர் மதிய வெயிலில் கையில் பட்டால் குளிர்ச்சியாகத் தோன்றுவது வெளியே அதைவிடச் சூடாக இருப்பதால்தான். நாஞ்சில் நாட்டு வயலோர வீடுகளில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறிவிடும் என்பது வேறு. மலையோரத்தில் பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் இரவு சற்று இதமாக இருக்கும். அங்கும் 12 டிகிரி கிடைக்காது. தடித்த சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட இருட்டறை வெளிச்சத்தைத் தடுக்கும், வெப்பம் ஏறி இறங்குவதைக் குறைக்கும், அவ்வளவுதான். அதில் ரோஷ்ஃபோர் போன்ற ஒரு பீரை ஓரிரு மாதம் வைக்கலாம், வருடக்கணக்கில் வைக்க வேண்டாம்.

ஆகவே ஒரே வழி குளிர்பதனம். புதிதாக ஒயின் குளிர்பெட்டி வாங்க வேண்டும் என்பதில்லை. வேலை செய்யும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று போதும். அதோடு வெளியே பொருத்தும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு இணைத்து 12 டிகிரியில் நிறுத்திவிடலாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டு ஃபிரிட்ஜின் அடித்தட்டிலேயே வைத்துவிடுங்கள். 4, 5 டிகிரியில் முதிர்ச்சி மிக மெதுவாக நடக்கும், குளிரால் பீர் சற்றுக் கலங்கலாம், ஆனால் கெடாது. அறை வெப்பத்தோடு ஒப்பிட்டால் எந்த ஃபிரிட்ஜும் மேல். மின்வெட்டுக்காகக் காலியிடங்களில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வையுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேர மின்வெட்டு ஒன்றும் செய்துவிடாது. தினமும் கதவைத் திறந்து மீன் எடுக்கும் ஃபிரிட்ஜ் இதற்கு உகந்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தகர மூடி போட்ட பாட்டிலை நிறுத்தியே வைக்க வேண்டும். மண்டி அடியில் படியும், பீர் மூடியைத் தொடாது. கார்க் அடைத்த கூஸ் பாட்டில்களைப் பெல்ஜியத்தில் படுக்க வைக்கிறார்கள். நிறுத்தினால் கார்க் காய்ந்துவிடும் என்பது ஒரு கட்சி, பாட்டிலுக்குள் இருக்கும் ஈரமே போதும் என்பது மற்றொரு கட்சி. இதில் முடிந்த முடிவு இல்லை. நான் கூஸைப் படுக்க வைத்து, திறப்பதற்கு முந்தைய நாள் நிமிர்த்துவேன். மூடிக்கு மேல் மெழுகு பூசினால் ஆக்சிஜன் உள்ளே போவது குறையும் என்பதும், ஃபிரிட்ஜின் அதிர்வு பீரைக் கெடுக்கும் என்பதும் பலர் சொல்வன. இரண்டுக்கும் வலுவான சான்று கிடையாது. ஆனால் மெழுகால் நம் கடற்கரையில் வேறொரு பயன் உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற ஊர்களில் உப்புக்காற்று தகர மூடியின் ஓரத்தை அரித்துவிடும். மூடியின் பற்களுக்கும் கண்ணாடிக்கும் இடையில் செம்பழுப்புக் கோடு தெரியத் தொடங்கினால் அந்த பாட்டிலை இனி நம்ப வேண்டாம். கழுத்தில் பீரின் மட்டத்தையும் பாருங்கள். பக்கத்து பாட்டிலைவிட ஒரு விரல் குறைவாக இருந்தால் கசிந்திருக்கிறது.

உங்கள் ஐந்து பாட்டில்களுக்கு வருகிறேன். ஐ.பி.ஏ.வையும் டாஸ்மாக் பீரையும் இந்த வாரமே குடித்துவிடுங்கள். லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம், வறுத்த மால்ட் நிறைந்தது; வறுத்த மால்ட்டுக்கு ஆக்சிஜனேற்றத்தைச் சற்றுத் தடுக்கும் குணம் உண்டு. ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வைத்துப் பார்க்கத் தகுதியானது, ஐந்தாறு ஆண்டுகளுக்கு நான் பந்தயம் கட்ட மாட்டேன். ரோஷ்ஃபோரும் கூஸும் உங்கள் கணக்குக்குப் பொருந்துபவை. ஆனால் இவை ஏற்கெனவே வீட்டில் எவ்வளவு காலம் வெப்பத்தில் கிடந்தன என்பது இங்கே முக்கியம். ஒரு கோடை முழுவதும் அலமாரியில் இருந்திருந்தால் அவற்றையும் இப்போதே திறந்து சுவைத்துவிட்டு, அடுத்த முறை வருபவற்றை முதல் நாளிலிருந்தே குளிரில் வையுங்கள்.

தம்பியிடம் சொல்ல வேண்டியதும் எளிது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் பயணி ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய மது, ஒயின், பீர் எல்லாம் சேர்த்து 2 லிட்டர்தான். 330 மில்லி பாட்டில் ஆறு என்றால் 1.98 லிட்டர், வரம்புக்குள் நிற்கும். அந்த ஆறும் ஆறு வகையாக இருப்பதைவிட ஒரே வகையாக, ஒரே தேதி அச்சிட்டவையாக இருப்பது நல்லது. ஒற்றை பாட்டிலை ஆறு வருடம் காத்திருந்து திறப்பதில், அது எப்போது தன் உச்சத்தைத் தாண்டியது என்று அறிய வழியே இல்லை. வீட்டில் மொத்தமாக எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்கு மாநில விதிகளில் உச்சவரம்பு உண்டு. சேர்க்கத் தொடங்கும் முன் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையிடம் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்திலிருந்து வாங்கிவருவதற்கும் விதிகள் உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆறு பாட்டிலும் வந்து சேர்ந்ததும் ஒன்றை உடனே திறந்து, நிறம், நுரை, மணம், கசப்பு, இனிப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பின்னால் ஒப்பிடுவதற்கு அதைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. பிறகு ஆண்டுக்கு ஒன்று. பாட்டிலின் தோளில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, வாங்கிய மாதத்தையும் குளிரில் வைத்த நாளையும் குறித்துவிடுங்கள். வீட்டு ஃபிரிட்ஜின் 4, 5 டிகிரியில் வைத்திருந்தால், திறக்கும் நாளில் அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள், 12, 13 டிகிரிக்கு வரும். பற்கூச்சம் தரும் குளிரில் முதிர்ந்த மணம் எதுவும் எழாது. ஒரே கையசைவில் மெதுவாக ஊற்றி, மண்டி கழுத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். முந்தைய ஆண்டைவிட மெலிந்து, அட்டை வாடையோ சோயா வாடையோ முன்னுக்கு வந்திருப்பதாக உங்கள் நாக்குக்கும் நோட்டுக்கும் ஒருசேரத் தோன்றினால், தம்பி ஊரோடு வரும் நாளுக்குக் காத்திருக்காமல் அவருடைய அடுத்த விடுப்பிலேயே மீதியைத் திறந்துவிடுங்கள்.